புகார்ப்பெட்டியின் நன்றிக் கடிதம்

ஜனவரி 12

அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நான் நலம். நீயும் உன் பிள்ளைப் பட்டாளமும் நலமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இந்தச் சண்டையை ஆரம்பிக்கிறேன்.

நீ வார்டனாக இருக்கும் இல்லத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. அங்கே தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண்ணின் படிப்பை நான் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒன்று வருகிறது. 'தங்கள் தயாள குணத்தால் எங்கள் வாழ்வில் விளக்கேற்றிய கொடையாளர் ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கும். 'தங்கள் பாதம் பணியும் மாணவி' என்று முடியும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒன்றைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன், சிரிக்காதே.

போன வாரம் என் அறையில் தங்கியிருக்கும் வெல்டருக்கும் உங்களிடமிருந்து கடிதம் வந்தது. நான் சொல்லித்தான் அவனும் ஒரு குழந்தையைப் படிக்க வைக்கிறான். சத்தமாக வாசித்துக் காட்டினான். அவன் ஒரு வரி வாசித்தால் அடுத்த வரியை நான் சொன்னேன். கடைசிவரை தப்பில்லாமல் சொல்லி முடித்தேன். "ஏம்ப்பா, என் புள்ள எழுதினத நீ எப்ப படிச்ச?" என்று முறைத்தான். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு காற்புள்ளிகூட வித்தியாசம் இல்லை. என் மானம் கப்பலேறிவிட்டது.

கடல் தாண்டி வந்து நாள் முழுக்க ஊரான் வீட்டு ஏ.சி.க்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறவன் நான். எனக்கென்று வருவது அந்த ஒரு கடிதம். அதிலும் நகல் என்றால் எப்படி? அந்தப் பெண் தன் வார்த்தையில் எழுதட்டும். டாக்டருக்குப் படிக்கச் சொல். பள்ளிக்கூட உடையில் சிரித்தபடி ஒரு போட்டோ அனுப்பட்டும். நான் அனுப்பிய ஷூவைப் போட்டுக்கொண்டாளா என்றும் எழுதட்டும். இதெல்லாம் பெரிய ஆசையா, நீயே சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 3

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். இங்கே எல்லோரும் சௌக்கியம். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். கடிதம் எழுதும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கமிட்டிச் செயலாளர் வந்து, படிப்புக்கூடத்துக் கரும்பலகையில் அதை எழுதிப் போடுவார். பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். மனிதர் இளமையில் கவிஞராக ஆசைப்பட்டவராம். அந்த ஆசை எங்கள் பலகையில் வந்து விடிந்திருக்கிறது. "புள்ளைங்க சொந்தமா எழுதட்டுமே சார்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சொந்தமா எழுதினா என்னென்ன எழுதும்னு உங்களுக்குத் தெரியாதும்மா" என்றார்.

உனக்கு வாய்த்தவளுக்கு இங்கே பெயர் புகார்ப்பெட்டி. பதினொன்றாம் வகுப்பு, கணக்கில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் குறைதான் விழும். பலகைக் கடிதத்தைத் தொட மாட்டேன் என்று ஆரம்பத்திலிருந்தே அடம். இதுவரை நீ தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கியதெல்லாம் பக்கத்து பெஞ்சுக்காரி எழுதிக் கொடுத்தது. நானும் மன்றாடிப் பார்த்தேன். "எனக்குத் தோணாதத நான் ஏம்மா எழுதணும்?" என்கிறாள். இந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுதி அனுப்பு, நான் அலுத்துவிட்டேன்.

நீ கேட்டபடி அவள் தன் வார்த்தையில் எழுதியதை இதே உறையில் வைத்திருக்கிறேன். ஒட்டித்தான் கொடுத்தாள், நான் பிரிக்கவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்கிறாய். பிறகு குத்துது குடையுது என்று என்னிடம் வராதே.

அக்கா

(அதே உறையில்)

படிப்புக்குப் பணம் அனுப்புகிறவருக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? நான் நலம், கால்விரல்களைத் தவிர.

ஷூ சிறியது. அளவு கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சில நாள் போட்டு நொண்டிவிட்டு ஆறாம் வகுப்பில் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குப் பெரிதாக இருக்கிறது, காகிதம் திணித்துக்கொண்டு நடக்கிறாள். ஒரு ஜோடி ஷூவில் இரண்டு பேருக்கு அவஸ்தை.

நீங்கள் அனுப்பிய பையில் பூனைப் படம் இருக்கிறது. நான் பதினொன்றாம் வகுப்பு.

அகராதி நன்றாக இருக்கிறது. ஆனால் படிப்புக்கூடத்தில் என் பக்கத்து விளக்கு எரியாது. செயலாளரிடம் சொன்னால், வாழ்வில் விளக்கேற்றுவது பற்றிப் பேசுகிறார்.

டாக்டர் படிப்பு வேண்டாம், ரத்தம் பார்த்தால் தலை சுற்றும். இன்ஜினியரிங் படிப்பேன். சிரித்தபடி போட்டோ கேட்டீர்களாம், சிரிப்பு வந்தால் எடுத்து அனுப்புகிறேன்.

இன்னொன்று. எல்லோரும் சௌக்கியம் என்று அம்மா எழுதியிருப்பார்கள். உங்கள் அக்காவை நாங்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர்களுக்கு இடது முட்டி வீங்கியிருக்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது.

இப்படிக்கு,
யார் பாதத்தையும் பணியாத மாணவி

பிப்ரவரி 26

அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆவல் போய் ஆத்திரம்தான் இருக்கிறது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்த கதையாக இருக்கிறது உன் புகார்ப்பெட்டியின் கடிதம். அந்த ஷூவுக்காக எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா? பூனைப் படம் போட்ட பை நன்றாக இருக்கிறது என்று விற்கிறவளே சொன்னாள். வெல்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "உனக்காவது ஒரு புள்ள இருக்குப்பா. எனக்கு இருக்கறது வெறும் பலகைதான்" என்றான். அவன் பொறாமைப்படுகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அது கிடக்கட்டும். முட்டிக்கு என்ன? யாரோ ஒரு பெண் எழுதி நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பஸ் ஜன்னல் ஓரம் நின்று, "நல்லா இருக்கேன்னு ஒரு வரி போடு, அது போதும்" என்று சொன்னாய். அன்றிலிருந்து நான் அந்த ஒரு வரியைப் போடுகிறேன், நீயும் அதையே திருப்பிப் போடுகிறாய். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்தி. டாக்டரிடம் போ. போனேன் என்று நீ எழுதினால் நம்ப மாட்டேன், அவளை எழுதச் சொல்.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு ஆசிகள். சௌக்கியம்.

முட்டி என்று இருந்தால் வலிக்கத்தான் செய்யும். அதற்கு ஒரு கடிதமா? மாடிக்கும் கீழுக்கும் நாள் முழுக்க அலைகிறவளுக்குக் கால் வலிக்காமல் காதா வலிக்கும்? விட்டுத் தள்ளு.

நீ எழுதிய பழமொழியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நான் மாட்ட ஒண்ணும் சொல்லலயேம்மா. ஷூ அளவத்தானே சொன்னேன்" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். போட்டோவுக்குச் சிரிப்பு வரவில்லையாம். செயலாளரின் கேமராவை வாங்கி எரியாத விளக்கைப் படம் பிடித்திருக்கிறாள். இத்துடன் வருகிறது, தலையணைக்குக் கீழே வைத்துக்கொள். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் மத்தளம், இரண்டு பக்கமும் இடி.

உன் கடித உறையின் பின்பக்கம் வேறு முகவரி இருக்கிறதே, ஏன்? இத்தனை வருடம் ஒரே அறையில் இருந்தாய். பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 28

சார்,

வணக்கம். நலமா? இதை மரியாதைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அம்மா எழுதிய கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு அம்மா வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தச் செடி அழுகிவிட்டது.

என் கடிதத்தால் கோபம் என்றால் அதையாவது எழுதுங்கள். திட்டினால் தாங்குவேன், சும்மா இருந்தால்தான் பிடிக்காது.

விளக்கை மாற்றிவிட்டார்கள். இப்போது கண் கூசுகிறது. டியூஷன் சார் கணக்கில் நடுவில் நாலு வரியைத் தாண்டிவிட்டு விடைக்குப் போகிறார், கேட்டால் புத்திசாலிகளுக்குப் புரியும் என்கிறார். வருடப் பரீட்சையில் கணக்கில் முதல் நான்தான். இரண்டாவது வந்தவளைவிட ஒரு மதிப்பெண்தான் அதிகம், அது எனக்குத் திருப்தி இல்லை.

அம்மா டாக்டரிடம் போகவில்லை.

இப்படிக்கு,
மாணவி

ஜூன் 15

அக்காவுக்கு, நலம். கோபித்துக்கொள்ளாதே, தலைக்கு மேல் வேலை. ஊரே வேகிற காலம் இது, ஏ.சி. மெக்கானிக்குக் கொண்டாட்டம். முகவரி மாறியதைக் கேட்டிருந்தாய். கம்பெனி புது அறை கொடுத்திருக்கிறது. நல்ல காற்றோட்டம், பேச்சுத் துணைக்கு ஆட்களும் உண்டு. சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

வெல்டர் லீவில் ஊருக்கு வருகிறான். அவனிடம் உனக்கு முட்டியில் மாட்டும் பட்டை ஒன்றும், அந்தப் பெண்ணுக்கு ஒரு மேசை விளக்கும் கொடுத்திருக்கிறேன். பட்டையைப் பீரோவில் பூட்டி வைக்காதே, காலில் மாட்டு.

இதற்குக் கீழே உள்ளதை அவளிடம் காட்டு.

புகார்ப்பெட்டிக்கு: இன்ஜினியர் என்றால் இன்ஜினியர், உன்னோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. கணக்கில் முதல் என்று படித்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். விளக்கில் குறை இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் தேடிக் கண்டுபிடித்து எழுதத்தான் போகிறாய்.

தம்பி

ஜூலை 21

தங்கள் தயாள குணத்தால் எங்கள் வாழ்வில் விளக்கேற்றிய கொடையாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய பொருள் கிடைக்கப் பெற்று மகிழ்ந்தேன். தங்கள் உதவியால் நான் இதுவரை நல்லமுறையில் கல்வி பயின்றேன். தாங்கள் செய்த நன்மையை என் உயிர் உள்ளவரை மறவேன். தாங்கள் நீடூழி வாழ வேண்டுகிறேன். எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் பாதம் பணியும் மாணவி

ஆகஸ்ட் 9

அக்கா, அவளுக்கு என்ன ஆச்சு?

நன்றி சொல்லி எழுதியிருக்கிறாள். பக்கத்து பெஞ்சுக்காரி கையெழுத்து இல்லை, அவள் கையெழுத்தேதான். எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறாள். இந்த வார்த்தை அவள் வாயில் வருமா? காய்ச்சலா? யாராவது அடித்தார்களா? 'பயின்றேன்' என்று ஏன் முடித்துவிட்டது போல எழுதுகிறாள்?

இல்லத்து ஆபீசுக்குப் போன் போட்டேன். செயலாளர் எடுத்து, "அனைவரும் நலம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த ஆளையும் ஒருநாள் கவனிக்க வேண்டும். நல்ல கடிதம் வேண்டும் என்று நாயாய்க் கத்தினேன், இப்போது வந்திருக்கிறது, சோறு இறங்கவில்லை. உடனே எழுது. சௌக்கியம் கிவுக்கியம் என்று மழுப்பாமல் உள்ளதை எழுது.

தம்பி

ஆகஸ்ட் 27

தம்பிக்கு, உள்ளதை எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். மூன்று வாரமாக அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை, சரிக்கட்டிவிடலாம் என்று பார்த்தேன்.

கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் கையைக்கூட ஓங்கிவிட்டேன். கல்லில் நார் உரிக்கலாம், அவளிடம் காரணத்தை வாங்க முடியவில்லை. "படிச்சது போதும்மா" என்பாள், அவ்வளவுதான். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்வதில்லை. இல்லமே அமைதியாக இருக்கிறது, எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருக்கிறது. தலைமை ஆசிரியை ஆள் அனுப்பியிருந்தார். அக்டோபர் முதல் வாரத்துக்குள் பொதுத்தேர்வுக்குப் பெயர் கொடுக்காவிட்டால் இந்த வருடம் போச்சு. ஒரு வருடம் போன பெண் திரும்பி வந்ததை இங்கே நான் பார்த்ததில்லை.

உன் சிநேகிதன் வெல்டர் வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். அவள்தான் வாசலில் நின்று பார்சலை வாங்கினாள். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தானாம். அவனிடம் ஏதாவது சொன்னாளா, கேட்டுப் பார்.

அக்கா

செப்டம்பர் 10

புகார்ப்பெட்டிக்கு,

நான் நலமாக இல்லை. அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

கம்பெனியைப் பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் ஏ.சி. மாட்டியவன் இப்போது ஒரு ஹோட்டல் லாண்டரியில் இஸ்திரி மெஷின் முன்னால் வெந்துகொண்டிருக்கிறேன். படுக்கை விரிப்பு மடிப்பது வேலை. அறையில் ஆறு பேர். ஜன்னல் கிடையாது, காற்றோட்டம் என்று எழுதியது பச்சைப் பொய். மேல் கட்டில்காரன் தூக்கத்தில் சண்டை போடுகிறான். சமையல் முறை போட்டிருக்கிறோம், என் முறை அன்று எல்லோரும் வெளியே சாப்பிடப் போய்விடுகிறார்கள். மேற்பார்வையாளன் என்னைவிட இளையவன், மடிப்பு கோணல் என்று எல்லார் முன்னாலும் பிரித்துப் போடுவான். போதுமா? இதையெல்லாம் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

வெல்டர் லீவில் வரவில்லை, ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். அவன் வாயில் எதுவும் நிற்காது என்று தெரிந்தே அவனிடம் பார்சலைக் கொடுத்தேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இனி நீ கேள். யாரைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டாய்? எனக்கு உதவி செய்வதாக நினைப்பா? என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறாய். விரிப்பு மடித்து மடித்துக் கை கொப்பளித்தாலும், அங்கே ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில்தான் மறுநாள் எழுந்து போனேன். அதை நீ பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டாய். எனக்கு அழுகையாக வருகிறது. கோபமாகவும் வருகிறது, அதுதான் கொஞ்சம் அதிகம்.

இப்போதைக்கு உன் படிப்புக்கு என்னால் முடியும். முடியாத நாள் வந்தால் நானே முதல் புகார் எழுதுவேன். இது சத்தியம். கடிதம் கிடைத்த மறுநாள் பள்ளிக்கூடத்தில் இரு.

அக்காவிடம் மட்டும் சொல்லாதே. அவள் தாங்க மாட்டாள்.

உன் நன்றிக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அளவு சேரவில்லை.

இப்படிக்கு,
குறைகள் நிறைய உள்ளவன்

அக்டோபர் 4

மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவின் தம்பியை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்? இதில் குறை இருந்தால் எழுதுங்கள்.

நீங்கள் நலமாக இல்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போகிறேன்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். சொல்லிவிட்டேன். புகார்ப்பெட்டியிடம் ரகசியம் சொன்னது உங்கள் தவறு. அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தார்கள். முதல் தடவை அழுதார்கள், இரண்டாம் தடவை திட்டினார்கள். "காத்தோட்டமாம், பேச்சுத் துணையாம், வரட்டும் அவன்" என்று பாத்திரங்களையெல்லாம் ஓசைப்படுத்தினார்கள். பிறகு பீரோவைத் திறந்து, நீங்கள் அனுப்பிய பட்டையை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனார்கள். தேர்வுக் கட்டணத்தை இல்லமே கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். கமிட்டி கூடட்டும், பார்க்கலாம் என்றார் அவர். அம்மா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். முட்டி வலியால் எழுந்திருக்க முடியவில்லை என்று நினைத்து அவர் பாவம் தண்ணீரெல்லாம் கொடுத்தார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் அம்மா எழுந்தார்கள். பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாயிற்று.

வெல்டர் வந்த அன்று கடைக்குப் போயிருந்ததாக அம்மா எழுதினார்களாமே. கடை இல்லை, ஆஸ்பத்திரி. இதையும் சொல்லக் கூடாது என்றார்கள்.

மேசை விளக்கின் ஒயர் குட்டை, பிளக் வரை எட்டாது. உங்கள் கையெழுத்து கோபம் வந்தால் புரிவதில்லை. நான் போகாமல் இருந்த வாரங்களில் நடத்திய பாடத்தை டியூஷன் சார் திரும்ப நடத்த மாட்டேன் என்கிறார். இங்கே தண்ணீர் மோட்டார் ஓடாது, சமையலறைக் குளிர்பெட்டி குளிராது, மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்கிறாரே தவிர வருவதே இல்லை. "பேசாம இங்க வந்துடச் சொல்லு அவன" என்கிறார்கள் அம்மா. வந்தால் வேலை நிறைய, சம்பளம் குறைவு. பின்னால் என்னைச் சொல்லக் கூடாது என்பதற்காக முன்னாலேயே எழுதிவிடுகிறேன்.

தாளை வீணாக்க வேண்டாம் என்று, நீங்கள் திருப்பி அனுப்பிய கடிதத்தின் பின்பக்கத்திலேயே இதை எழுதியிருக்கிறேன். அதனால் முன்பக்கமும் கூடவே வருகிறது. அளவு சேரவில்லை என்றீர்கள். சேராதுதான், வார்த்தைகள் செயலாளருடையவை. என் வார்த்தையில் எழுதப் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. அதனால்தான் அவருடையதைக் கடன் வாங்கினேன்.

ஆனால் அன்று கடிதம் எழுதும் ஞாயிற்றுக்கிழமை இல்லை. யாரும் எழுதச் சொல்லவில்லை, படிப்புக்கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். கரும்பலகை துடைத்துக் கிடந்தது.

இந்தத் தடவை திருப்பி அனுப்பாதீர்கள், மாமா.